மலிவான சீரா சப்ஸ்ட்ரேட்: லித்தோகிராஃபி இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

நீள்அலை

எல்லோருக்கும் வணக்கம். நீரில் மிகக் குறைந்த அளவில் கரைந்திருக்கும் பூச்சிக்கொல்லி எச்சங்களை அகச்சிவப்பு நிறமாலையில் பிடிக்க முடியுமா என்பது என் முதுகலை ஆய்வு. கையில் இருப்பது ஒரு சாதாரண எஃப்டிஐஆர் கருவி (அகச்சிவப்பு நிறமாலைமானி), வைர ஏடிஆர் (மாதிரியைப் படிகத்தின்மேல் அழுத்தி அளக்கும் இணைப்பு), அறை வெப்பத்தில் ஓடும் டிடிஜிஎஸ் டிடெக்டர், அவ்வளவுதான். எலக்ட்ரான் கற்றை லித்தோகிராஃபி (நானோ வடிவங்களை வரைந்து செதுக்கும் முறை) எட்டாக்கனி. வெற்றிட ஆவிப்படிவுக் கருவி வேறொரு துறையில் இருக்கிறது; கேட்டால் எப்போதாவது ஒரு நாள் தருவார்கள்.

உலோக நானோ பரப்பு வைத்து அகச்சிவப்பு உட்கவர்தலைப் பெருக்கும் முறையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன் (ஆங்கிலத்தில் SEIRA, இனி சீரா என்றே எழுதுகிறேன்; அந்தப் பரப்பு உள்ள துண்டுதான் சப்ஸ்ட்ரேட்). ஒரு கட்டுரையில் 10 மடங்கு, இன்னொன்றில் ஆயிரம் மடங்கு, வேறொன்றில் லட்சக்கணக்கு. வெள்ளிக் கூழ்மம் (நீரில் மிதக்கும் நானோ துகள்கள்), தங்கத் தீவுப் படலம் (திட்டுத்திட்டாகப் படிந்த மெல்லிய உலோகம்), கிராஃபீன் ஆக்சைடு, உலோகம் பூசிய காகிதம் என்று பட்டியலும் நீள்கிறது. ரசாயன மேசையிலேயே செய்யக்கூடியதாக, செலவு குறைவாக எதில் தொடங்கலாம்? அந்த மடங்குக் கணக்கில் எதை நம்புவது?

தீவுப்படலம்

மடங்குக் கணக்கிலிருந்தே தொடங்குவோம், தம்பி. அது தெளிவானால் பாதிக் குழப்பம் போய்விடும்.

1980-இல் ஹார்ட்ஸ்டைன், கர்ட்லி, சாங் மூவரும் இந்த விளைவை முதன்முதலில் அறிவித்தார்கள். மெல்லிய வெள்ளி அல்லது தங்கப் படலத்தை ஒட்டி இருக்கும் ஒற்றை மூலக்கூறு அடுக்கின் உட்கவர்தல் கூடுகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. உலோகத்தால் மட்டும் கிடைத்த பெருக்கம் 20 மடங்கு. ஏடிஆர் அமைப்பு தரும் லாபத்தையும் சேர்த்துச் சொன்னபோது அது கிட்டத்தட்ட 10,000 ஆனது. ஒரே ஆய்வு, ஒரே படலம், இரண்டு எண்கள். எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் இப்படித்தான் குழம்புவோம்.

லட்சக்கணக்கு வருவது வேறு இடத்திலிருந்து. 2008-இல் ஒற்றைத் தங்க நானோகம்பியை ஆன்டெனாவாக வைத்து 5 லட்சம் மடங்கு வரை காட்டினார்கள். அது கம்பியின் நுனிகளில் உட்கார்ந்திருக்கும் மிகச் சில மூலக்கூறுகளுக்குப் போட்ட கணக்கு. கம்பியின் நீளமும் நீங்கள் பார்க்க விரும்பும் அதிர்வின் அலைநீளமும் பொருந்தினால்தான் அதுவும் நடக்கும்.

நீங்கள் மேசையில் செய்யப்போகும் தீவுப் படலத்தில் 10 முதல் 100 மடங்கு வரை எதிர்பாருங்கள். ராமன் நிறமாலையில் (லேசர் ஒளியின் சிதறலை அளப்பது) பெருக்கம் மின்புலத்தின் நான்காம் அடுக்கோடு ஏறுகிறது. அகச்சிவப்பில் இரண்டாம் அடுக்கோடுதான். அதனால் செர்ஸ் (உலோகப் பரப்பில் பெருக்கிய ராமன்) எண்களை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. இன்னொன்று: இந்தப் பெருக்கம் உலோகத்திலிருந்து சுமார் 10 நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கு வெளியே நிற்கும் மூலக்கூறுக்கு உங்கள் சப்ஸ்ட்ரேட் இருப்பதே தெரியாது.

அலைஎண்1650

உலோகத்தைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி, அது எதுமேல உட்காரப்போகுதுன்னு பாருங்க. மலிவு சப்ஸ்ட்ரேட்னு ஆரம்பிக்கிற நிறைய பேர் கவுறது இங்கதான்.

கண்ணாடி: சுமார் 2000 செ.மீ⁻¹-க்குக் (அலைஎண், அதாவது ஒரு செ.மீ-ல எத்தனை அலைன்னு) கீழே ஒளி கடக்காது. கார்பனைல், அமைடு, நைட்ரோ எல்லாமே அந்தப் பக்கம்தான் இருக்கு. மேலே ஒளி புகாத அளவுக்குத் தடிமனா உலோகம் பூசி, பிரதிபலிப்பில் பார்த்தா மட்டும் கண்ணாடி சரிப்படும்.

காகிதம்: செர்ஸுக்கு அருமை, இங்கே தொல்லை. செல்லுலோஸ் 1000 முதல் 1150 வரை மலை மாதிரி நிக்கும், 3300 பக்கம் இன்னொரு மலை. நீங்க தேடறது அந்த மலைக்குப் பின்னாடி இருந்தா அவ்வளவுதான்.

சிலிக்கான் வேஃபர்: என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா நாலு விஷயம் பார்த்து வாங்கணும். ரெண்டு பக்கமும் மெருகேத்தினதா இருக்கணும், ஒரு பக்கம் சொரசொரப்பா இருந்தா ஒளி சிதறும். மாசு சேர்ப்பு குறைவா இருக்கணும், அதிகமா இருந்தா அதோட மின்னூட்டிகளே அகச்சிவப்பைக் குடிச்சிடும். சாதாரண வளர்ப்பு முறையில் வந்த வேஃபர்ல ஆக்சிஜன் இருக்கும், 1107-ல ஒரு பட்டை தெரியும். அதை உங்க மாதிரின்னு நினைச்சிடாதீங்க. கடைசியா, சிலிக்கானோட ஒளிவிலகல் எண் 3.4 என்கிறதால எதுவும் பூசாத வேஃபரே 54 சதவீதம் ஒளியைத்தான் விடும். அது பழுது இல்லை.

500 மைக்ரோமீட்டர் தடிமன் வேஃபர்ல குறுக்கீட்டு அலைகள் சுமார் 3 செ.மீ⁻¹ இடைவெளியில் வரும். 8 செ.மீ⁻¹ பிரிதிறன்ல எடுத்தா அது கரைஞ்சு போயிடும். திண்ம மாதிரியோட பட்டைகள் அகலமானவை, அதனால பெரிய இழப்பு இல்லை.

வைர ஏடிஆர்மேல சிலிக்கான் துண்டைக் கவிழ்த்து வச்சு அழுத்தலாம்னு தோணும். ரெண்டுமே கடினம், நடுவுல காற்று இடைவெளி நிக்கும், ஒவ்வொரு தடவையும் வேற வேற சிக்னல் வரும். ஊடுருவல் முறையிலேயே எடுங்க.

கூழ்மக்காரி

வெள்ளி, தங்கக் கூழ்மம் செய்றது சுலபம்தான். தங்கத்துக்கு டர்க்கெவிச் முறை, 1951-லிருந்து இருக்கு. வெள்ளிக்கு லீ–மைசல், 1982. ரெண்டுலயும் சிட்ரேட்தான் ஒடுக்கி, அதுவே துகளைத் தாங்கியும் பிடிக்கும். ஆனா அகச்சிவப்புல அந்த சிட்ரேட்டே உங்களுக்கு எதிரி. 1400 பக்கம் ஒண்ணு, 1590 பக்கம் ஒண்ணுன்னு கார்பாக்சிலேட் பட்டைகள் கொழுகொழுன்னு வந்து நிக்கும். உலோகத்துக்கு மிக அருகில் இருக்கிறது அதுதானே, அதுதான் முதல்ல பெருக்கப்படும்!

பிவிபி (துகளைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு பாலிமர்) போட்டுச் செஞ்ச வெள்ளி நானோகம்பி, கனசதுரம் எல்லாம் பார்க்க அழகா இருக்கும். பிவிபியோட கார்பனைல் 1660 பக்கம் வரும். புரதத்தோட அமைடு 1 பட்டை 1650. யாராவது பிவிபி பூசின வெள்ளியில புரதம் பிடிச்சேன்னு சொன்னா, வெறும் துகளோட நிறமாலையைக் காட்டுங்கன்னு கேட்பேன். சிடாப் (நீண்ட சங்கிலி உள்ள, சோப்பு மாதிரியான பொருள்) போட்ட தங்கத் தண்டுகள்னா 2850, 2920-ல ரெண்டு கூர்மையான முகடு கட்டாயம்.

அதோட, 15 நானோமீட்டர் தங்க உருண்டையோட ஒத்ததிர்வு 520 நானோமீட்டர்ல, அதாவது கண்ணுக்குத் தெரியற பச்சையில. 6 மைக்ரோமீட்டர் அலைக்குத் தனி உருண்டை எதுவும் செய்யாது. துகள்கள் நெருங்கி, ஒண்ணை ஒண்ணு தொட்டும் தொடாமலும் திட்டுத்திட்டா சேரணும். நல்லாப் பிரிஞ்சு நிக்கிற கூழ்மத்தைவிட, கட்டுப்பாட்டோட திரட்டின கூழ்மம்தான் இங்கே வேலைக்காகும்.

என் பரிந்துரை வெள்ளி ஆடி வினை, சிலிக்கான் துண்டு மேலேயே. சில்வர் நைட்ரேட், அம்மோனியா, கொஞ்சம் காரம், குளுக்கோஸ். தாங்கு பொருள் எதுவும் வேண்டாம், அதனால மேற்பரப்பு ஓரளவு சுத்தம். கரைசல்ல துண்டை வச்சு நேரத்தைக் குறைச்சுக் குறைச்சுப் பாருங்க. ஆடி மாதிரி பளபளத்தா தாண்டிப் போயிடுச்சு, அதுக்கு முன்னாடியே எடுக்கணும்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசா எடுத்துக்காதீங்க: மீந்த அம்மோனியா வெள்ளிக் கரைசலைப் பாட்டில்ல மூடி வைக்கவே கூடாது. நின்னா வெடிக்கக்கூடிய வெள்ளி நைட்ரைடு உருவாகும். வேலை முடிஞ்ச உடனே அமிலம் சேர்த்து அமிலத்தன்மைக்குக் கொண்டுவந்து, வெள்ளிக் கழிவுல சேர்த்துடுங்க.

செர்ஸ்பித்தன்

ஒரு அடிப்படைக் கேள்வி. இவ்வளவு சிரமம் எதற்கு? அதே வெள்ளியை எடுத்து செர்ஸ் செய்தால் பத்து லட்சம் மடங்கு சாதாரணமாகக் கிடைக்கிறது. 1974-இல் ஃப்ளைஷ்மான், ஹென்ட்ரா, மக்குவிலன் தொடங்கி வைத்த துறை அது. கையடக்க ராமன் கருவிகளும் வந்துவிட்டன. நீரில் உள்ள மாதிரியை அப்படியே அளக்கலாம், காகிதம்கூடப் போதும். 50 மடங்குக்காக ஒரு முதுகலை ஆய்வைச் செலவிடுவது நியாயமா?

தீவுப்படலம்

நியாயமான கேள்விதான், நேராகவே பதில் சொல்கிறேன்.

பெருக்கத்தை மட்டும் ஒப்பிடுவது சரியில்லை. தொடக்கப் புள்ளியே வேறு. ஒரு அதிர்வின் அகச்சிவப்பு உட்கவர்தல் குறுக்குவெட்டு சுமார் 10⁻²⁰ சதுர செ.மீ, ராமன் சிதறலுக்கு அது 10⁻³⁰ அளவில். ராமன் பத்து லட்சம் மடங்கு ஏறிய பிறகும் இடைவெளி இன்னும் மிச்சம். செர்ஸ் ஜெயிப்பது ஒற்றை ஃபோட்டானையும் எண்ணும் டிடெக்டரின் தயவாலும், பின்புலம் இருட்டாக இருப்பதாலும். அகச்சிவப்பில் பெரிய வெளிச்சத்தில் விழும் சிறிய குறைவை அளக்கிறோம், அதனால் ஆதாரக்கோட்டின் நிலைப்புத்தான் எல்லை போடுகிறது.

அகச்சிவப்பு எங்கே மேல்? ஒளிர்தல் தொல்லை கிடையாது. லேசர் பட்டு மாதிரி கருகுவதில்லை. கார்பனைல், பாஸ்பேட், கார்பன்–ஃப்ளூரின் போன்ற முனைவுப் பிணைப்புகள் ராமனில் மங்கலாகவும் இங்கே உரக்கவும் பேசும். மேலும் செர்ஸில் சில சூடான புள்ளிகள் மொத்தச் சிக்னலையும் ஆள்கின்றன. சீராவில் பெருக்கம் சிறியது, ஆனால் பரப்பெங்கும் பரவலானது. அளவறி பகுப்பாய்வுக்கு அது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நீள்அலை

இரண்டு வாரமாகச் சத்தமில்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். கூழ்மக்காரி அக்கா சொன்ன ஆடி வினையை சிலிக்கான் துண்டில் செய்தேன். சோதனை மூலக்கூறாக 4-நைட்ரோபென்சோயிக் அமிலம், எத்தனாலில் கரைத்து ஒரு துளி, காய்ந்ததும் ஊடுருவல் முறையில் 8 செ.மீ⁻¹ பிரிதிறனில் எடுத்தேன்.

வெறும் சிலிக்கான் துண்டில் அதே துளி: 1700 பக்கம் கார்பனைல், 1540-ஐ ஒட்டி ஒன்று, 1350-ஐ ஒட்டி ஒன்று, புத்தகத்தில் உள்ளபடி. வெள்ளித் துண்டில் நீர்த்த துளியை வைத்து, தண்ணீரில் அலசியபின் எடுத்தால் 1350 ஓங்கி நிற்கிறது, பக்கத்தில் 1400 அருகே புதிதாக ஒன்று. ஆனால் 1700-ம் 1540-ம் காணவே இல்லை. மாதிரி சிதைந்துவிட்டதா?

தீவுப்படலம்

சிதையவில்லை. நீங்கள் பார்ப்பது சீராவின் கையெழுத்து. வாழ்த்துகள்.

அமிலம் வெள்ளியோடு சேர்ந்ததும் புரோட்டானை விட்டுவிட்டு கார்பாக்சிலேட்டாக மாறி, இரண்டு ஆக்சிஜன்களாலும் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நெட்டுக்குத்தாக நிற்கிறது. அதனால் கார்பனைல் போனது, 1400 அருகே கார்பாக்சிலேட்டின் சமச்சீர் நீட்சி வந்தது. உலோகப் பரப்பில் மின்புலம் பரப்புக்குச் செங்குத்தாகவே நிற்கும். எனவே இருமுனை மாற்றம் செங்குத்தாக உள்ள அதிர்வுகள் மட்டும் பெருக்கப்படும். நைட்ரோவின் சமச்சீர் நீட்சி, 1350, மூலக்கூறின் நீள அச்சில் அசைகிறது. நிமிர்ந்து நிற்பதால் பெருகியது. சமச்சீரற்ற நீட்சி பக்கவாட்டில் அசைகிறது, அதனால் மறைந்தது.

இதில் உங்கள் ஆய்வுக்கு ஒரு பாடம் உண்டு. நூலகத்தில் இருக்கும் தூள் நிறமாலையோடு சீரா நிறமாலையைக் கணினியில் ஒப்பிட்டால் பொருந்தாது. உங்கள் சப்ஸ்ட்ரேட்டுக்கு உங்கள் மூலக்கூறை வைத்து நீங்களே ஒரு நூலகம் கட்டிக்கொள்ள வேண்டும்.

நீள்அலை

மிக்க நன்றி ஐயா. கூடவே இன்னொரு விசித்திரம். வினை நேரத்தைக் கூட்டிய துண்டுகளில் 1350 பட்டை சாய்ந்த எஸ் வடிவத்தில் வருகிறது. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. மிகத் தடித்த படலத்தில் தலைகீழாகவே விழுகிறது. மென்பொருளில் ஆதாரக்கோட்டைத் திருத்தினால் இன்னும் மோசமாகிறது.

அலைஎண்1650

ஆதாரக்கோட்டுத் திருத்தத்தை உடனே நிறுத்துங்க. அந்த எஸ் வடிவம் நிஜம்.

உலோகப் படலம் தானே அகலமா, பல நூறு செ.மீ⁻¹ பரப்புக்கு ஒளியோட வினை புரியுது. மூலக்கூறு குறுகலா ஒரே இடத்துல அதிருது. ரெண்டும் ஒரே ஒளிக்குப் பதில் சொல்றப்போ, கட்டம் ஒத்துப்போற பக்கம் கூடும், முரண்படற பக்கம் குறையும். ஃபானோ வடிவம்னு சொல்வாங்க. தீவுகள் தனித்தனியா இருக்கற வரைக்கும் பட்டை ஒழுங்கா இருக்கும். தீவுகள் கைகோர்த்து மின்சாரம் ஓடற நிலைக்கு நெருங்கினதும் சாயும், தாண்டினா கவிழும். பெருக்கம் உச்சத்துல இருக்கறதும் அந்த எல்லைக்குக் கொஞ்சம் முன்னாடிதான், அதனால அங்கேயே விளையாட ஆசை வரும். அளவறி வேலைக்கு ஒரு படி உள்ளே நில்லுங்க. பெருக்கத்துல கொஞ்சம் விட்டுக்கொடுத்தா வடிவம் நிலையா இருக்கும்.

எல்லை எங்கேன்னு பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். சிலிக்கானோட சேர்த்து ஒரு கண்ணாடித் துண்டையும் அதே கரைசல்ல போடுங்க. எடுத்து அலசிக் காயவச்சு, சாதாரண மல்டிமீட்டரோட ரெண்டு முனையையும் லேசா வைங்க. மின்தடை அளவிட முடியாத அளவுக்கு இருந்தா தீவுகள் தனி. சட்டுனு விழுந்து எண் காட்ட ஆரம்பிச்சா சேர்ந்துடுச்சு. கண்ணாடியும் சிலிக்கானும் ஒரே வேகத்துல பூசிக்காது, ஆனா ஒரு தொகுதியை இன்னொரு தொகுதியோட ஒப்பிட இது போதும்.

எஸ் வடிவப் பட்டையில முகட்டு உயரத்தை மட்டும் அளக்காதீங்க. மேல் நுனிக்கும் கீழ் நுனிக்கும் உள்ள மொத்த வித்தியாசத்தை எடுங்க, இல்லைன்னா ஃபானோ சூத்திரத்தைப் பொருத்துங்க. 1400 முதல் 1900 வரை ஊசி ஊசியா ஏதாவது வந்தா அது நீராவி. உலர் காற்று ஓடவிடுங்க.

அளவையன்

பகுப்பாய்வு வேதியியல் பக்கத்திலிருந்து வருகிறேன். இழையைப் படித்துக்கொண்டிருந்தேன்; இதுவரை யாரும் துளியைப் பற்றிப் பேசவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மைக்ரோமோலார் கரைசலில் 1 மைக்ரோலிட்டர் துளி என்றால் அதில் 6×10¹¹ மூலக்கூறுகள். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளியாகக் காய்ந்தால் ஒரு சதுர செ.மீட்டருக்குச் சுமார் 2×10¹³. நெருக்கமான ஒற்றை அடுக்கு என்பது 4 முதல் 5×10¹⁴. ஆக உங்கள் புள்ளி, சீராகப் பரவினால், ஓர் அடுக்கில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே.

ஆனால் துளி சீராகப் பரவாது. காயும்போது திரவம் விளிம்பை நோக்கி ஓடி, சரக்கையெல்லாம் வளையமாகக் கொண்டுபோய்க் குவிக்கும். கற்றை அந்த வளையத்தில் பட்டால் ஒரு எண், நடுவில் பட்டால் வேறு எண். நானோ பரப்பு கரடுமுரடாக இருப்பதால் துளி பரவும் விதமும் மாறும். வெறும் சிலிக்கானில் அகலமாகப் பரவிய துளியையும் வெள்ளிப் பரப்பில் குவிந்து காய்ந்த துளியையும் ஒப்பிட்டு 30 மடங்கு பெருக்கம் என்று எழுதினால், அதில் எவ்வளவு பிளாஸ்மானால் (உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அலைவது), எவ்வளவு குவிந்ததால்? பிரிக்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

வழி இருக்கிறது. துளியை விடுங்கள். சப்ஸ்ட்ரேட்டைக் கரைசலுக்குள் முழுதாக மூழ்கவைத்து, குறித்த நேரம் வைத்து, அலசி, காயவைத்து அளவிடுங்கள். பரப்பில் ஒட்டியது மட்டும் மிஞ்சும், வளையம் வராது. ஒட்டும் அளவு கரைசலின் செறிவோடு எப்படி ஏறுகிறது என்று வரைபடம் போடுங்கள். குறைந்த செறிவில் நேர்கோடாகவும் மேலே போகப் போகத் தட்டையாகவும் வரும். கண்டறியும் எல்லையை அந்த நேர்கோட்டுப் பகுதியிலிருந்து எடுங்கள்: வெற்று அளவீடுகளின் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கி, கோட்டின் சாய்வால் வகுங்கள். வெற்று என்றால் சும்மா வைத்த துண்டு இல்லை. பூச்சிக்கொல்லி மட்டும் இல்லாத அதே கரைப்பானில், அதே நேரம் மூழ்கி, அதே போல் அலசிய துண்டு.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் பெருக்கக் காரணியைப் போடாதீர்கள். கண்டறியும் எல்லையையும் துண்டுக்குத் துண்டு உள்ள மாறுபாட்டையும் போடுங்கள். நீரைச் சோதிக்கப்போகிறவருக்கு அந்த இரண்டும்தான் வேண்டும்.

கூழ்மக்காரி

துளி விஷயத்துல முழுசா உடன்படுறேன். பெருக்கக் காரணியை ஒதுக்கிவைக்கச் சொல்றதுல உடன்பாடில்லை. ஒரு செய்முறையை மாத்தும்போது, நேரத்தைக் கூட்டினா நல்லதா, குளுக்கோஸ் குறைச்சா நல்லதான்னு தெரிஞ்சுக்க ஒரு அளவுகோல் வேணும். கண்டறியும் எல்லையில ஒட்டும் வேதியியல், கருவியோட இரைச்சல், அலசுற பழக்கம் எல்லாம் கலந்து கிடக்கும். அதை வச்சுப் படலத்தை மேம்படுத்த முடியாது.

அளவையன்

ஆய்வகத்துக்குள் ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. அப்படியானால் சோதனை மூலக்கூறு, மூழ்கும் நேரம், அலசும் முறை மூன்றையும் மாற்றாமல் வையுங்கள். ஒற்றை அடுக்கில் எத்தனை மூலக்கூறு, கரடுமுரடான பரப்பின் உண்மையான பரப்பளவு எவ்வளவு என்று எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். இன்னொரு ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடும் இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை.

மெல்லேடு

இழைக்குத் தாமதமாக வருகிறேன். இரண்டு யோசனைகள். ஒன்று, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் சிலிக்கானை நனைத்து, மின்சாரமில்லாமல் தங்கம் படியவைக்கும் முறை. ஓசாவா குழு 2002-இல் வெளியிட்டது. ஏடிஆர் சீராவில் இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். ஒட்டுதல் பிரமாதம். இரண்டு, பழைய குறுந்தகடு. அதில் தடங்கள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஏற்கெனவே இருக்கின்றன. உலோகம் பூசினால் இலவச நானோ அமைப்பு.

தீவுப்படலம்

முதல் யோசனை அறிவியலில் சரி. ஆனால் இந்த இழையைப் படிக்கும் மாணவர்களுக்காக அழுத்திச் சொல்கிறேன்: ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தைப் பயிற்சியும் தனிப் புகைக்கூண்டும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் இல்லாத இடத்தில் தொடாதீர்கள். நீர்த்த கரைசல் தோலில் பட்டால் உடனே எரியாது, வலி தெரிய மணிக்கணக்காகும். அதற்குள் ஃப்ளூரைடு உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். உயிர் போன நிகழ்வுகள் உண்டு. மலிவான சப்ஸ்ட்ரேட்டுக்காக ஏற்கவேண்டிய ஆபத்து இல்லை இது.

மாற்று இருக்கிறது. ஜெர்மானியத்தின் ஆக்சைடு நீரிலேயே கரையும். அதனால் தங்க உப்பின் நீர்க்கரைசலில் ஜெர்மானியத் துண்டை வைத்தாலே இடப்பெயர்ச்சி வினையில் தங்கம் படியும், அந்த அமிலம் தேவையில்லை. ஜெர்மானியம் சிலிக்கானைவிட விலை கூடியது என்பதுதான் குறை. அதைவிட மலிவு செம்புத் தகடு: சில்வர் நைட்ரேட்டில் வைத்தால் வெள்ளி இலை இலையாகக் கிளைத்து வளரும். ஒளி ஊடுருவாது, பிரதிபலிப்பு முறைக்குத்தான் ஆகும்.

அலைஎண்1650

குறுந்தகடு பத்தி: 1.6 மைக்ரோமீட்டர் தடம், டிவிடி 0.74. நாம பார்க்கிற அலை 6 மைக்ரோமீட்டர். கீற்றணி மூலமா அந்த ஒளியைப் பரப்பு அலையா மாத்தணும்னா இடைவெளியும் கிட்டத்தட்ட அதே அளவுல இருக்கணும். அதனால குறுந்தகட்டுத் தடம் அகச்சிவப்புக்குக் கிட்டத்தட்ட வழவழப்பான பரப்புதான். செர்ஸுக்கு இதே தகடு வேலை செய்யறதுக்குக் காரணம் அங்கே அலை சின்னது. கூடவே, அடியில பாலிகார்பனேட் இருக்கு, 1770-ல அதோட கார்பனைல் பளிச்சுனு நிக்கும்.

பிரதிபலிப்புல இன்னொரு சிக்கலும் இருக்கு. தட்டையான உலோகத்துல நேர் குத்தா ஒளி விழுந்தா, பரப்பை ஒட்டி மின்புலம் கிட்டத்தட்ட பூஜ்யம். சில நானோமீட்டர் அடுக்கு அங்கேதான் உட்கார்ந்திருக்கும், ஒண்ணும் தெரியாது. 80 பாகைக்குப் பக்கமா சாய்ச்சு, சரியான முனைவாக்கத்தோட விடணும். செம்புமேல வெள்ளிக் கிளைகள் இருந்தா கரடுமுரடு கொஞ்சம் உதவும்.

நீள்அலை

கிராஃபீன் ஆக்சைடு பற்றி யாரும் சொல்லவில்லையே?

கூழ்மக்காரி

அது தன்னால பெருக்கும்னு நம்பி இறங்காதீங்க. வடிவமைச்ச கிராஃபீன் நாடாக்கள்ல பிளாஸ்மான் நடு அகச்சிவப்புல வரும், 2015-ல புரதத்தைக்கூட அப்படிக் காட்டியிருக்காங்க. ஆனா அதுக்கு லித்தோகிராஃபி வேணும். பாட்டில்ல வர்ற கிராஃபீன் ஆக்சைடு செதில் அந்தச் சரக்கு இல்லை. அது உதவறது வேற இடத்துல: வளைய மூலக்கூறுகளை இழுத்து ஒட்டவைக்கும். உலோகத்தோட சேராத பாலிஅரோமேட்டிக் வகைகளுக்கு, வெள்ளிமேல மெல்லிசா ஒரு அடுக்கு போட்டா பலன் உண்டு. ஆனா 1720, 1620, 1050 பக்கம் அதோட சொந்தப் பட்டைகள் வரும்.

நீள்அலை

இப்போது திட்டம் தெளிவாகிவிட்டது. இரு பக்க மெருகு சிலிக்கான், வெள்ளி ஆடி வினை, மல்டிமீட்டரில் எல்லைக்கு உள்ளே, மூழ்கவைத்து அலசும் முறை. ஒரே வேஃபரை வெட்டிய துண்டுகளைக் குலுக்கலில் எடுத்து வெற்றுக்கும் மாதிரிக்கும் பிரிக்கப்போகிறேன். இலக்கு மூலக்கூறு தைராம் என்ற பூஞ்சைக்கொல்லி. கந்தகம் இருப்பதால் வெள்ளியில் தானாக ஒட்டும் என்று எண்ணுகிறேன். இதில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

செர்ஸ்பித்தன்

தைராமில் எனக்குப் பழக்கம் உண்டு, அதனால் சொல்கிறேன். நன்றாகவே ஒட்டும். ஆனால் வெள்ளியைத் தொட்டதும் நடுவில் உள்ள கந்தக–கந்தகப் பிணைப்பு உடைந்து, இரண்டு டைமெத்தில்டைதயோகார்பமேட் துண்டுகளாகத்தான் உட்காரும். நீங்கள் அளப்பது தைராமை இல்லை, அந்தத் துண்டை. சைராம் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லியும் அதே துண்டைத்தான் தரும், அதில் துத்தநாகம் நடுவில் இருக்கும். உங்கள் நிறமாலையில் இரண்டையும் பிரிக்க முடியாது. செர்ஸிலும் இதே கதைதான். ஆய்வேட்டில் "தைராம்" என்று எழுதாமல் "டைமெத்தில்டைதயோகார்பமேட் வகை" என்று எழுதுங்கள். ஒப்பீட்டுக்கு அதன் சோடியம் உப்பையும் அதே சப்ஸ்ட்ரேட்டில் எடுத்து வையுங்கள்.

அளவையன்

மிக முக்கியமான குறிப்பு. அதோடு குறுக்கீடுகளையும் சேருங்கள். இயற்கை நீரில் குளோரைடும் மட்கிய கரிமப் பொருளும் இருக்கும். குளோரைடு வெள்ளிமேல் படியும், கரிமப் பொருளின் கார்பாக்சிலேட் 1400, 1590 பக்கம் வந்து நிற்கும். தூய நீரில் ஒரு வரைபடம், தெரிந்த அளவு தைராம் சேர்த்த இயற்கை நீரில் இன்னொன்று. இரண்டின் சாய்வும் மாறினால், சேர்த்து அளக்கும் முறைக்கு (மாதிரி நீரிலேயே தெரிந்த அளவுகளைச் சேர்த்துச் சேர்த்து அளப்பது) போங்கள்.

கூழ்மக்காரி

துண்டுகளை மொத்தமா செஞ்சு வச்சுக்காதீங்க. காற்றுல இருக்கற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கருக்கும், நீங்க தேடறதும் கந்தகம் வழியாத்தான் ஒட்டுது. இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தா தைராமுக்கு எங்கே உட்காரறது? அன்னன்னிக்கு வேண்டியதை அன்னன்னிக்குச் செய்யுங்க. மீதம் வைக்கத்தான் வேணும்னா காற்றுப் புகாத டப்பாவுல நைட்ரஜன் நிரப்பி வைங்க, எடுக்கறப்போ அந்தத் தொகுதியிலிருந்து ஒரு துண்டுல 4-நைட்ரோபென்சோயிக் அமிலத்தோட 1350-ஐ அளந்து பாருங்க. முதல் நாள் வந்த உயரம் வரலைன்னா அந்தத் தொகுதியை ஒதுக்கிடுங்க.

நீள்அலை

அப்படியே செய்கிறேன் அக்கா. சோடியம் உப்பு நாளை ஆர்டர் போடுகிறேன். இயற்கை நீர் வரைபடம் வந்ததும், சாய்வு எப்படி இருந்தாலும், இதே இழையில் மூலத் தரவோடு பதிகிறேன்.